அப்படியே இல்லை, சார்!

"பழைய கேமை அப்படியே போன்ல கொண்டு வந்துட்டாங்க சார்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எதிர்வீட்டுப் பையன் சொன்னான். பேரன் சொன்னான். போன் கடைக்காரரும் சொன்னார். மூன்று பேரும் சொன்னது பேக்மேனைப் பற்றித்தான். மூன்று பேர் சொன்னதும் தப்பு. போனுக்கு வந்தது அந்த விளையாட்டின் படம். விளையாட்டு இன்னும் அந்தப் பழைய பெட்டியிலேயே இருக்கிறது.

ஒரு வீடியோ கேமுக்கு இவ்வளவு கோபமா, அதுவும் பென்ஷன் வாங்குகிற வயதில், என்று கேட்பீர்கள். கேளுங்கள். கொஞ்சம் பொறுமையாக வாசித்தால் இது கேமோடு நிற்கிற விஷயம் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

பேக்மேன் தெரியாதவர்களுக்காக: திரை முழுக்கச் சந்துபொந்துகள். அந்தக் காலத்துச் சிறுவர் பத்திரிகைகளில் "முயல் கேரட்டிடம் போக வழி காட்டுங்கள்" என்று போடுவார்களே, அந்த மாதிரி. அதற்குள் ஒரு மஞ்சள் வட்டம். ஒரு துண்டு பிய்த்த பூரி போல வாய் மட்டும் இருக்கும். வழி நெடுக 240 சின்னப் புள்ளிகள், மூலைக்கொன்றாக 4 பெரிய புள்ளிகள். எல்லாவற்றையும் தின்று தீர்க்க வேண்டும். துரத்த நாலு பேய்கள். பெரிய புள்ளியைத் தின்றால் கொஞ்ச நேரம் பேய்கள் நீல நிறமாகி நம்மைப் பார்த்து ஓடும். அப்போது நாம் அவற்றைத் தின்னலாம். அவ்வளவுதான் கதை.

1980-ல் ஜப்பானில் நாம்கோ கம்பெனி வெளியிட்டது. உருவாக்கியவர் தோரு இவாதானி. அப்போதைய கேம்கள் எல்லாம் சுடுவதும் வெடிப்பதுமாக இருந்தன. பெண்களும் வந்து விளையாட வேண்டும் என்று யோசித்து, சாப்பிடுவதை வைத்து ஒன்று செய்தார். ஜப்பானிய மொழியில் வாயைத் திறந்து மூடித் தின்கிற சத்தத்துக்கு "பக்கு பக்கு" என்பார்களாம். பெயர் அதிலிருந்து வந்தது. நம் ஊரில் செய்திருந்தால் "லபக்" என்று வைத்திருப்போம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தச் சந்துபொந்து புரியாமல் போகாது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. அப்புறம் கிளை வாய்க்கால், அதிலிருந்து சின்ன வாய்க்கால், கடைசியில் வயலின் மடை. தண்ணீர் கரையைத் தாண்டாது. மடை இருக்கிற இடத்தில்தான் திரும்பும். அந்த மஞ்சள் வட்டமும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு மண்வெட்டியைத் தேடுகிறவன் விவசாயி இல்லை. வருவதற்கு முன்பே மடையை வெட்டி வைத்திருப்பான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அசல் பேக்மேன் ஆள் உயரப் பெட்டி. காசு போட்டால் ஓடும். அதில் விளையாட ஒரே ஒரு கைப்பிடிதான், மேல் கீழ் இடம் வலம் என்று நாலு பக்கம் சாயும். சுடுவதற்கோ குதிப்பதற்கோ பொத்தான் கிடையாது. அந்தப் பெட்டி நமக்கு அதிகம் பழக்கமில்லை. தொண்ணூறுகளில் பர்மா பஜார் வழியாக வந்த டிவி கேமில்தான் தஞ்சாவூர்க்காரர்கள் பலர் இதைப் பார்த்தோம். கேசட் மேல் நூறு கேம் என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான் பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அந்தப் பத்தில் பேக்மேன் அனேகமாக இருக்கும். கைக்கு அடக்கமான ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, அதன் இடது பக்கம் கூட்டல் குறி வடிவில் ஒரு கட்டை. கட்டைவிரல் அதன் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெரியும். கண் டிவியை விட்டு நகர வேண்டியதே இல்லை.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள் இதை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கண் காப்பியில், கை கட்டையில். கீழே குனிந்து பார்த்தால் மாஸ்டர் முட்டியிலேயே ஒன்று வைப்பார். பார்க்காமல் அடிக்க முடிந்தது எப்படி? ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு விளிம்பு இருந்தது, அழுத்தினால் கீழே இறங்கியது, விட்டால் மேலே வந்தது. விரலுக்கு உடனுக்குடன் பதில் கிடைத்தது. வீணை வாசிக்கிறவரும் 24 மெட்டுகளையும் குனிந்து எண்ணிக்கொண்டு இருப்பதில்லை.

இப்போது பேக்மேனின் உள்ளே போவோம். இங்கேதான் "அப்படியே" என்கிற பேச்சு உடைகிறது.

நாலு பேய்களும் கண்மண் தெரியாமல் ஓடுவதாகத்தான் வெளியே தெரியும். அப்படி இல்லை. சிவப்புப் பேய் நாம் நிற்கிற கட்டத்தையே குறி வைத்து வரும். ரோஸ் நிறப் பேய் நாம் போய்க்கொண்டிருக்கிற திசையில் 4 கட்டம் முன்னால் இருக்கிற இடத்தைக் குறி வைக்கும்; அதாவது முன்பக்கமாக மறிக்கும். நீலப் பேய் நம் இடத்தையும் சிவப்புப் பேயின் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும். ஆரஞ்சுப் பேய் ஒரு தினுசு. தூரத்தில் இருந்தால் துரத்தும். 8 கட்டத்துக்குள் வந்துவிட்டால் பயந்தவன் போலத் தன் மூலைக்குத் திரும்பிவிடும். (எங்கள் ஆபீசிலும் அப்படி ஒருவர் இருந்தார்.) நாலும் துரத்துகிற நேரத்தில் அதிர்ஷ்டம் என்பதற்கே இடமில்லை. நாம் ஒரே மாதிரி ஓடினால் அவையும் ஒரே மாதிரிதான் வரும். அதனால்தான் வெளிநாடுகளில் பாதையை மனப்பாடம் பண்ணி மணிக்கணக்கில் ஆடியவர்கள் இருந்தார்கள்.

வேகத்தைப் பாருங்கள். முழு வேகத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் சுற்றில் வெறும் பாதையில் நம் ஆளின் வேகம் 80. பேயின் வேகம் 75. ஆனால் புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும்போது நம் ஆளின் வேகம் 71 ஆகிவிடும். தின்னாமல் ஓடினால் தப்பிக்கலாம், தின்றுகொண்டு ஓடினால் பிடிபடுவோம். தின்னாமல் இருந்தால் ஆட்டம் முடியாது. எவ்வளவு நெருக்கமான கணக்கு! வித்தியாசம் ஐந்து, நாலு என்ற அளவில்தான் இருக்கிறது.

அந்த நெருக்கத்தில் உயிர் பிழைக்க வைப்பது வளைவுதான். சந்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கைப்பிடியைத் திருப்பிவிட்டால், நம் ஆள் மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு திரும்புவான். பேய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. சந்தியின் நடுவுக்கு வந்துதான் திரும்ப வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் நமக்கு ஒரு துளி லாபம். நாலு வளைவு சேர்ந்தால் பின்னால் வந்த பேய் எட்டிப் போய்விடும். மடையை முன்கூட்டியே வெட்டி வைப்பது என்று சொன்னேனே, இதுதான். இந்த ஆட்டத்தின் முழுத் திறமையும் அந்த அரை நொடிக்குக் குறைவான கை அசைவில் இருக்கிறது.

இதை எடுத்துத் தொடுதிரை போனில் போடுகிறார்கள். எப்படி? படம் அதே படம். பேய் அதே பேய். அதே வேகம், அதே புத்தி. கைப்பிடி மட்டும் இல்லை. அதற்குப் பதிலாகக் கண்ணாடியில் கைப்பிடி மாதிரி ஒரு படம் வரைந்து வைத்து "இதைத் தொடு" என்கிறார்கள். தொட்டால் அதற்கு விளிம்பும் இல்லை, பள்ளமும் இல்லை. கட்டைவிரல் அது பாட்டுக்கு நழுவிப் போகும். போனது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் குனிந்து விரலைப் பார்க்க வேண்டும். விரலைப் பார்க்கிற நேரத்தில் ரோஸ் பேய் முன்னால் வந்து நிற்கிறது.

வரைந்த கைப்பிடி வேண்டாம் என்று தடவுகிற முறையும் வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் தேய்த்தால் வலது, மேலே தேய்த்தால் மேல். இது எவ்வளவோ தேவலை. ஆனால் இதிலும் ஒரு சங்கடம். கைப்பிடி சாய்ந்ததும் உள்ளே சுவிட்ச் பட்டென்று சேர்ந்துவிடும். தேய்ப்பது அப்படி இல்லை. விரல் கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் இது வலதா மேலா என்று போனுக்கு முடிவு செய்ய முடியும். அந்தத் தாமதம் சின்னதுதான். ஆனால் 75-க்கும் 71-க்கும் நடுவே பிழைக்கிற ஆட்டத்தில் சின்னது என்று ஒன்று கிடையாது. நம் கையைத் தாமதமாக்கிவிட்டுப் பேய்களை மட்டும் பழைய வேகத்திலேயே விட்டால், அது எப்படிப் பழைய ஆட்டம் ஆகும்? ஓட்டப் பந்தயத்தில் ஒருத்தன் காலில் மட்டும் சாக்கைக் கட்டிவிட்டு, தூரம் அதே நூறு மீட்டர்தானே என்கிற மாதிரி இருக்கிறது.

என் கோபத்துக்கு உண்மையான காரணம் அடுத்து வருவது. நண்பர் ஒருவர், சர்வீஸ் முடிந்து ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவர். டிவி கேம் காலத்தில் தன் பிள்ளையோடு உட்கார்ந்து பேக்மேன் ஆடி அவனை ஜெயித்தவர். நானே பார்த்திருக்கிறேன். போன மாதம் போனில் அதை ஆடிப் பார்த்துவிட்டு, மூன்று முறை சுவரில் முட்டி மூன்று உயிரும் போனதும், போனை என்னிடமே நீட்டினார். "நமக்கு இதெல்லாம் வராதுங்க. கை மரத்துப்போச்சு" என்றார்.

அவர் கையில் எந்தக் குறையும் இல்லை. இந்தக் கண்ணாடிகள் வேலை செய்கிற விதம் அப்படி. கண்ணாடியில் மெல்லிய மின்னேற்றம் இருக்கிறது. விரல் பக்கத்தில் வரும்போது அது மாறுவதை வைத்துத்தான் தொட்டதை உணர்கிறது. விரல் காய்ந்திருந்தாலும், தோல் தடித்திருந்தாலும் மாற்றம் குறைகிறது. ஈரமாக இருந்தால் குழம்புகிறது. வயதானால் தோல் காயும். மண்வெட்டி பிடித்தவனுக்கும் அரிவாள் பிடித்தவளுக்கும் விரல் தடிக்கும். நாற்றுப் பறிக்கிற கை ஈரமாகத்தான் இருக்கும். இந்த டெல்டாவில் பாதிப் பேருடைய கை இந்தக் கணக்கில் சேராது. அதற்குத் தகுந்தாற்போல் கேமைச் செய்யாதவன் குறையை, ஒரு மனிதர் தன் வயதின் குறை என்று எடுத்துக்கொண்டு போகிறார். நான் சண்டைக்கு வருவது இதற்காகத்தான்.

அப்படியானால் பழைய விளையாட்டு எதுவும் போனுக்கு வரக் கூடாதா? அப்படி ஒன்றும் நான் சொல்லவில்லை. வர வேண்டிய விதத்தில் வந்தவை உண்டு.

நோக்கியா பாம்பு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் 6110 மாடலில் வந்தது. நமக்கு 3310, 1100 வந்தபோதுதான் பழக்கம். அதற்கும் மூதாதை 1970-களின் பெட்டி கேம்தான். ஆனால் அதைச் செய்தவர்கள் கைப்பிடி படம் எதுவும் வரையவில்லை. போனில் ஏற்கெனவே இருந்த 2, 4, 6, 8 பொத்தான்களைத் திசையாக்கினார்கள். துரத்துகிற பேய் கிடையாது. நம் வாலே நமக்கு எதிரி. சின்னக் கறுப்பு வெள்ளைத் திரைக்கும் ரப்பர் பொத்தானுக்கும் ஏற்ற ஆட்டம். பஸ் ஸ்டாண்டில் மன்னார்குடி வண்டிக்குக் காத்திருந்தபடி ஒரு கையால் ஆடினோம். "எனக்கு வராது" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆடுபுலி ஆட்டமும் போனுக்கு நன்றாகவே வரும். 3 புலி, 15 ஆடு, யோசித்து நகர்த்துவது. அவசரம் கிடையாது. காயைத் தொடு, போகிற இடத்தைத் தொடு, முடிந்தது. அதன் திறமை மூளையில் இருக்கிறது; தரையில் கோடு கிழித்தாலும் கண்ணாடியில் கோடு கிழித்தாலும் ஒன்றுதான். பல்லாங்குழி அப்படி இல்லை. நான் பார்த்த செயலிகளில் ஒவ்வொரு குழிக்கும் கீழே எத்தனை முத்து என்று எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அள்ளின கைக்கு எத்தனை என்று தெரிவதுதானே அந்த ஆட்டம்? என் அம்மா புளியங்கொட்டையை அள்ளும்போதே எந்தக் குழியில் முடியும் என்று அவருக்குத் தெரியும். எண்ணை எழுதிக் காட்டிவிட்டால் பாக்கி இருப்பது கூட்டல் கழித்தல்தான்.

ஆக, எந்தத் திறமை எந்த உறுப்பில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது கையில் இருக்கிற ஆட்டமானால், புதுக் கருவியில் கைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுவிட்டு ஆட்டத்தையே மாற்ற வேண்டும். பேக்மேனுக்கே அப்படி ஒருமுறை செய்திருக்கிறார்கள். 2015-ல் ஆஸ்திரேலியாவின் ஹிப்ஸ்டர் வேல் என்கிற சின்ன நிறுவனம் பேக்மேன் 256 என்று ஒன்று செய்தது. அசல் ஆட்டத்தில் 256-ஆவது சுற்றுக்குப் போனால் உள்ளே எண் நிரம்பி வழிந்து, திரையின் வலது பாதி முழுக்கக் கன்னாபின்னா எழுத்தாகிவிடும். அதற்குமேல் ஆட முடியாது. அந்தக் கோளாறையே இவர்கள் ஒரு பகையாக்கி, கீழேயிருந்து பாதையைத் தின்றுகொண்டே மேலே வருகிற மாதிரி வைத்தார்கள். பாதை முடிவே இல்லாமல் மேல்நோக்கிப் போகும். விரலால் தேய்த்துத் திரும்ப வேண்டியதுதான். எல்லாப் புள்ளியையும் தின்று தீர்க்கிற கட்டாயம் இல்லை. பேய்களின் குணத்தையும் மாற்றினார்கள். "அப்படியே" என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. அதனாலேயே அது போனில் ஆடக்கூடிய ஆட்டமாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அசல் பேக்மேனின் திரையே நின்ற வாக்கில் இருந்த திரை. அகலம் குறைவு, உயரம் அதிகம். போனை நிமிர்த்திப் பிடித்தால் அந்தக் கோட்டை அழகாகப் பொருந்தி, கீழே கட்டைவிரலுக்கு ஒரு கை இடம் மிஞ்சும். இயற்கையாக அமைந்த வசதி. அந்த இடத்தை முழுசாகத் தேய்ப்பதற்கு விட்டிருக்கலாம். நான் ஆடிப் பார்த்த ஒரு செயலியில் அங்கே விளம்பரம் போட்டிருந்தான்.

விளம்பரம் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். பழைய பெட்டியும் தர்மசத்திரம் இல்லை. காசு பறிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அதில் தோற்றால் என் கையால் தோற்றேன். இன்னொரு காசு போடுவதா வேண்டாமா என்று நானே முடிவு செய்தேன். இப்போது ஆட்டம் இலவசம். உயிர் போனதும் முப்பது நொடி விளம்பரம். மூட வேண்டுமானால் மூலையில் எறும்புத்தலை அளவு பெருக்கல் குறி. நம் விரலுக்கு அது சிக்காது. சிக்காமல் பக்கத்தில் பட்டால் வேறு எதையோ இறக்கச் சொல்லி இன்னொரு பக்கம் திறக்கும். அந்தக் குறியை அத்தனை சின்னதாக வைத்தவனுக்கு நம் விரலின் அளவு தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கேமோடு நிற்கிற விஷயம் இல்லை என்றேன். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுப்பது போனில். பேங்க் கணக்கு, காஸ் புக்கிங், ரயில் டிக்கெட் எல்லாம் போனில். காகிதப் படிவத்தை அப்படியே கண்ணாடியில் வரைந்து, அரிசி அளவு கட்டங்களை வைத்து, பிறந்த தேதிக்கு 1950 வரை ஒவ்வொரு வருடமாகத் தேய்த்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். வரவில்லை என்றால் கவுன்ட்டரில் இருக்கிற பிள்ளை "பேரன் யாராவது இருந்தா அழைச்சிட்டு வாங்க சார்" என்கிறது. நண்பர் போனைத் திருப்பி நீட்டின அதே கதைதான். வித்தியாசம், கேமில் கோளாறு இருந்தால் இரண்டு நொடியில் பேய் வந்து காட்டிக்கொடுத்துவிடும். படிவத்தில் காட்டிக்கொடுக்கப் பேய் கிடையாது. நாமே நம்மைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

இங்கே சுற்றுவட்டாரத்தில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்குப் பழைய கேம் ஒன்றைப் போனில் செய்து காட்டுகிற வழக்கம் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையனும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். அவனிடம் சொன்னதையே எழுதுகிறேன். தம்பி, கைப்பிடி படத்தை முதலில் அழி. திரையில் எங்கே தேய்த்தாலும் ஏற்கிற மாதிரி வை. விரலை எடுக்காமலே அடுத்த திசைக்கு இழுக்க விடு. சந்திக்கு நாலைந்து கட்டம் முன்னாலேயே தேய்த்துவிட்டால் அதை ஞாபகம் வைத்திருந்து சந்தி வந்ததும் திருப்பு; மடையை முன்னாலேயே வெட்ட விடு. கை தாமதமாகிற அளவுக்குப் பேயையும் தாமதமாக்கு. அதற்கு அசல் கேம் கெட்டுப்போகும் என்று உன் ஆசிரியர் சொன்னால், கெட்டது கைப்பிடி போனபோதே என்று சொல்.

செய்து முடித்ததும் கல்லூரி நண்பர்களிடம் மட்டும் கொடுத்துப் பார்க்காதே. நடவு முடித்துக் கரையேறுகிற ஒரு அம்மாவிடம் கொடு. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொள்வார். முதல் வளைவில் திரும்புகிறாரா, சுவரில் முட்டுகிறாரா என்று பார். முட்டினால் வீட்டுக்குப் போய் உன் கணக்கைத் திருத்து. "நல்லா அழுத்துங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே. எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கண்ணாடிக்கு அது தெரியாது.